கோமதிக்கு, தொட்டிச் செடிகள் பற்றி

வள்ளியூர்
வைகாசிக் கடைசி

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. குன்னூர் வீட்டைக் காலி செய்துவிட்டு ஆடியில் பாளையங்கோட்டைக்கே வருகிறீர்கள் என்றதும் அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். "வரட்டும், வரட்டும்" என்று முகமெல்லாம் சிரிப்பு. அவருக்கு மூட்டுவலி உண்டு, மற்றபடி நலம். பெரியவனுக்குத் தூத்துக்குடிக்கு மாற்றலாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதான் அவன் முகத்தைப் பார்க்கிறோம்.

சரி, செடிக்கு வருகிறேன். உன் ஜெரேனியம், பிகோனியாத் தொட்டிகளை லாரியில் ஏற்றாதே, கோமதி. மனசு கேட்காது, தெரியும். ஆனால் ஆறாயிரம் அடி உயரத்துக் குளிரில் வளர்ந்தவை இங்கே 38, 39 டிகிரியில் வதங்கிச் சாவதைப் பார்ப்பதைவிட, பக்கத்து வீட்டில் பூத்துக்கொண்டிருக்கட்டும்.

வெயிலைத் தாங்கும் செடி எது என்று கேட்டிருந்தாய். அதோடு காற்றையும் தண்ணீரையும் சேர்த்து யோசி. ஆனி, ஆடியில் கணவாய் வழியாக இறங்கும் மேல்காற்று தொட்டியைச் சாய்ப்பது மட்டுமில்லை, காலையில் ஊற்றிய தண்ணீரை மதியத்துக்குள் உறிஞ்சிவிடும். மொட்டை மாடியில் மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி உள்பக்கமாகத் தொட்டிகளை நெருக்கி வை. காற்றும் அடிக்காது, பின்னேரம் நிழலும் விழும். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி வேண்டாம், வேர் வெந்துபோகும். காருகுறிச்சி மண்தொட்டி கனமாக நிற்கும், வேருக்கும் குளிர்ச்சி. என்ன, கொஞ்சம் சீக்கிரம் காயும்.

அடுத்து தண்ணீர். அடுக்குமாடி வீட்டில் செடிக்கு போர் தண்ணீர்தானே கிடைக்கும்? அது உப்பாக இருந்தால் இட்லிப்பூ முதலில் காட்டிக்கொடுக்கும். நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, இலை வெளுத்து மஞ்சளாகும். மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் அந்தத் தண்ணீரில் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. அதற்கு மட்டும் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர் ஊற்று. மற்ற தொட்டிகளிலும் அவ்வப்போது நல்ல தண்ணீரை அடியில் வழியும்வரை ஊற்றினால் படிந்த உப்பு கழுவிக்கொண்டு போகும்.

எனக்குப் பிடித்தது காகிதப்பூதான். அதில் நாம் பூ என்று பார்ப்பது நிறம் மாறிய இலை; நடுவே வெள்ளையாகச் சின்னக் குழல் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதே பூ. தொட்டி சிறியதாக இருந்து வேர் நெருக்கினால்தான் நன்றாகப் பூக்கும். தினமும் தண்ணீர் ஊற்றினால் இலையாகத் தழைத்துக்கொண்டே போகும், பூவைக் காணமுடியாது. இலை லேசாகத் தொய்ந்ததும் ஊற்று, போதும். மஞ்சள், வெள்ளை, ராணிக்கலர் மூன்றும் என்னிடம் இருக்கின்றன.

நித்தியகல்யாணியைச் சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். மடகாஸ்கரிலிருந்து வந்த அந்தச் செடியிலிருந்துதான் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் மருந்து எடுக்கிறார்கள். வருஷம் முழுக்கப் பூக்கும், ஆடு வாய் வைக்காது.

ஆனால் பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருக்கிறாயே. அதனால் அரளி வேண்டவே வேண்டாம், இலை முதல் வேர் வரை நஞ்சு. அடீனியம் வெயிலுக்கு அருமையான செடிதான், ஆனால் அதன் பாலும் விஷம். அவள் பள்ளிக்கூடம் போகும் வயதில் வாங்கிக்கொள்ளலாம். நித்தியகல்யாணியும் வாயில் வைக்கக் கூடாத இலை, முள்ளுள்ள காகிதப்பூவும் ஆகாது. இரண்டும் மாடியில், கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும். பால்கனிக்கு இட்லிப்பூ, செம்பருத்தி, பத்துமணிப்பூ. செம்பருத்தியில் மாவுப்பூச்சி வரும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவு, அப்புறம் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து சாயங்காலம் தெளி. பத்துமணிப்பூவுக்கு ஒரு துண்டுத் தண்டு போதும், வெயில் ஏறியதும் விரிகிற பூவைப் பார்த்துக் குழந்தை கைதட்டுவாள்.

வந்ததும் அவசரப்பட்டு நட்டுவிடாதே. ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னது வயலுக்கு. மாடித் தொட்டிக்குக் காற்று அடங்கிப் புரட்டாசி பிறக்கட்டும். ஐப்பசி மழையில் வேர் பிடித்துக்கொண்டால் அடுத்த சித்திரையைத் தாங்கும். அந்த மழையில் தொட்டியில் தண்ணீர் தேங்காமல் அடி ஓட்டையை மட்டும் பார்த்துக்கொள். செம்மண், மணல், மட்கிய சாணி மூன்றும் இங்கிருந்தே மூட்டை கட்டி, பெரியவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். காகிதப்பூக் குச்சிகளையும் இப்போதே பதியம் போடுகிறேன். எந்த நிறம் வேண்டும், லாரி எந்தத் தேதியில் வருகிறது என்று எழுது.

அன்புடன்,
செண்பகம்