ஒரு குழந்தைக்கு ஒரு பாட்டில்: மருந்துக் கொள்முதல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கொள்முதல் குழுவினருக்கு,

வணக்கம். இந்த ஆண்டுப் பட்டியலிலும் 20 சதவீத லிப்பிட் (ரத்தக்குழாய் வழியே ஏற்றும் கொழுப்புத் திரவம்) 250 மி.லி. பாட்டிலில் மட்டுமே இருக்கிறது. 100 மி.லி. பாட்டில் கேட்டு பச்சிளங்குழந்தைப் பிரிவுகள் அனுப்பிய கடிதங்கள் உங்கள் கோப்பிலேயே உள்ளன. எனவே கணக்கை மட்டும் சொல்கிறோம்.

ஒரு கிலோ எடையுள்ள குறைமாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 3 கிராம் கொழுப்பு என்றால் 15 மி.லி. லிப்பிட். சிரிஞ்ச் பம்பில் மணிக்கு 0.6 மி.லி. ஓடும். மிச்சம் 235 மி.லி.யைக் கொட்டிவிட வேண்டும். லேபிளே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் வார்டில் ஐந்து குழந்தைகள், ஸ்டோரிலிருந்து வந்தது ஒரே பாட்டில் என்றால் இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் என்ன செய்வார்? ஒரே ரப்பர் மூடியில் ஐந்து முறை ஊசி இறங்குகிறது. மிச்சம் ஃபிரிட்ஜுக்குப் போய், காலையில் மறுபடி வெளியே வருகிறது.

லிப்பிட் என்பது எண்ணெய், முட்டை மஞ்சள்கருவின் பாஸ்போலிப்பிட், கிளிசரின், தண்ணீர். கிருமியைத் தடுக்கும் பொருள் எதுவும் அதில் இல்லை. அறை வெப்பத்தில் கிருமி அதில் வேகமாகப் பெருகும். குளுக்கோஸ் பாட்டில் கலங்கினால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஒதுக்கிவிடலாம். பால்போல் வெளுத்த லிப்பிட்டில் கிருமி கலந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. 2017 டிசம்பரில் சியோலில் ஒரு மருத்துவமனையில் ஒரே இரவில் நான்கு குறைமாதக் குழந்தைகள் இறந்தனர். ரத்தத்தில் இருந்தது சிட்ரோபாக்டர் கிருமி. லிப்பிட்டைப் பிரித்து நிரப்பிய சிரிஞ்சுகள்மீதுதான் விசாரணையின் கண் விழுந்தது.

கொழுப்பே கொடுக்காமலும் இருக்க முடியாது. உடலில் சேமிப்பே இல்லாத இக்குழந்தைகளுக்கு மூன்று நாளுக்குள் அத்தியாவசியக் கொழுப்பு அமிலக் குறைபாடு தொடங்கிவிடும். வளர்கிற மூளை அதைத் தாங்காது.

இந்நிலையில் ரத்தத்தில் கிருமி வந்தால் விளக்கம் கேட்கும் குறிப்பாணை செவிலியருக்குப் போகிறது. கைகழுவும் சுவரொட்டி இன்னொன்று ஒட்டப்படுகிறது. 250 மி.லி. என்று எழுதிய கையிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை. ஒளி புகாத சிரிஞ்சும் டியூபும் பட்டியலில் இல்லாததால், மஞ்சள் காமாலைக்கான நீல விளக்கின் அடியில் ஓடும் லிப்பிட் டியூபைச் சமையல் அலுமினியத் தாளில் சுற்றுகிறார்கள். ஒளி பட்டால் லிப்பிட்டில் பெராக்சைடு என்ற தீங்கான வேதிப்பொருள் உண்டாகும். இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இதை ஒளிபடாமல் கொடுக்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2019-லேயே அறிவுறுத்திவிட்டது.

கோபத்தில் சற்று விலகிவிட்டோம், பொறுத்தருள்க. கேட்பது ஒன்றுதான்: 20 சதவீத லிப்பிட், 100 மி.லி. பாட்டில், ஒரு குழந்தைக்கு ஒன்று. 250 மி.லி. பாட்டில்கள் பெரியவர்களின் ஐ.சி.யு.வுக்கு இருக்கட்டும். 100 மி.லி.யிலும் 85 மி.லி. வீணாகுமே என்று தணிக்கையில் கேட்பார்கள். ஆம், வீணாகும், ஆனால் 235 வீணாவதைவிட அது குறைவு. அடுத்த டெண்டர்வரை காத்திராமல் துணைப் பட்டியலிலேயே இதைச் சேர்த்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் மருத்துவர்கள், செவிலியர்கள்