முதலில் கரையைப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ கொல்கத்தாவில் வாங்கிய படத்தின் போட்டோ வந்தது, வங்காள ஓவியர் ஜாமினி ராய் வரைந்த மூன்று பெண்கள். "மூணு பேருக்கும் ஒரே மூஞ்சி, கண்ணில் கருவிழியே இல்லை, பாவம், என்ன சோகமோ" என்று எழுதியிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

காலமெல்லாம் புடவை விற்றவனுக்கு முதலில் கரைதான் கண்ணில் படும். வெள்ளை உடல், சிவப்புக் கரை. அங்கே பூஜை நாட்களில் பெண்கள் கட்டுவது. போட்டோவைப் பெரிதாக்கிப் பார். கரை முக்காடாகத் தலையைச் சுற்றி, தோளில் இறங்கி, பாதம் வரை எங்கும் முறியாமல் போகிறது. கட்டின புடவை அப்படி நிற்காது. இடுப்பில் மடங்கும், கொசுவத்தில் கரை ஒளிந்துகொள்ளும். வரைந்தவருக்கு மடிப்புப் போடத் தெரியாமலா? ஐரோப்பிய பாணியில், எண்ணெய் வண்ணத்தில், ஆளை அப்படியே உரித்துவைத்த மாதிரி வரைந்து சம்பாதித்தவர் அவர். அதை விட்டுவிட்டுத்தான் காளிகாட் படங்களின் பக்கம் வந்தார். கொல்கத்தா காளி கோயிலுக்கு வருகிறவர்களுக்குச் சல்லிசாக விற்க, படுவாக்கள் என்கிற நாட்டுப்புற ஓவியர்கள் மளமளவென்று போட்ட படங்கள் அவை. தூரிகையின் ஒரே இழுப்பில் தோள், இன்னொரு இழுப்பில் இடுப்பு.

அந்தக் கோட்டுக்காகத்தான் மடிப்பும் போயிற்று, கருவிழியும் போயிற்று. காது வரை நீளும் அந்தக் கண் அம்மன் முகத்துக் கண். இன்னாருடைய கண் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. சோகம் நாம் கொண்டுபோய் வைத்தது.

சாயமும் அப்படியே: மண், அவுரி, விளக்குக் கரி, பசைக்குப் புளியங்கொட்டை. சாதாரண வீட்டுச் சுவருக்கும் படம் போகட்டும் என்று ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து மலிவாகக் கொடுத்தார். இப்போது அவர் அசல்கள் தேசியக் கலைச் செல்வம், நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. உன்னுடையது அச்சுதான், வேலை துபாய்க்கு மாறினாலும் தைரியமாக எடுத்துப் போ.

லீவு கிடைத்தால் பிஷ்ணுபூர் போய்வா. அவர் பிறந்த பெலியாதோரும் அதே பாங்குரா மாவட்டம்தான். பிஷ்ணுபூர் கோயில்களின் சுடுமண் சுவரில் இதே மாதிரி உருவங்கள் வரிசையாக நிற்கும். அப்புறம், அங்கே பாலுச்சரி பட்டுப்புடவை நெய்கிறார்கள், முந்தானை முழுக்க ஆட்கள், குதிரைகள். விலை மட்டும் கேள். வாங்கிவிடாதே, முதலில் முந்தானையின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா