சம்பந்தியின் துப்பாக்கியை வெட்டலாமா?

அம்மாடி,

மாமனார் உனக்கு எழுதிவைத்துப் போன வேட்டைத் துப்பாக்கியைத் துப்பாக்கிக் கடைக்காரர் சொன்னபடி வெட்டி மாற்றலாமா, சம்பந்தியின் தம்பி கூடாது என்கிறாரே என்று நீ கேட்டதற்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்க்கலாம். குழலை வெட்டாதே. தோளில் வைக்கிற மரக்கட்டையில் ரம்பம் வைக்காதே. கட்டையின் அடியில் இருக்கிற ரப்பரை மாற்று, குறிபார்க்கிற தொலைநோக்கி இருக்கிறதே, அந்த ஸ்கோப்பை மாற்று, அதெல்லாம் தாராளமாகச் செய். ஆனால் எதைச் செய்வதாக இருந்தாலும் சம்பந்தியின் தம்பியிடம் சொல்லிவிட்டுச் செய், செய்துவிட்டுச் சொல்லாதே.

உயிலில் என் பெயர்தான் இருக்கிறது, துப்பாக்கி என்னுடையது, இதில் அவர் யார் என்று எழுதியிருந்தாய். சட்டப்படி சரிதான். இங்கே இந்தியாவில் என்றால் கதை வேறு. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கிறவனுக்கே உரிமம் வேண்டும், குழலைக் குட்டையாக்குவதற்கு என்று தனிப் பிரிவே போட்டு வைத்திருக்கிறார்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு வேட்டை படிப்படியாகப் போய்விட்டது, அந்தக் காலத்து வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்கிற வீடுகளில் லைசென்ஸ் புதுப்பிப்பதுதான் அதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே வேலை. அமெரிக்காவில், உன் விஸ்கான்சினில் இவ்வளவு கெடுபிடி இல்லை. அதனால்தான் கடைக்காரர் சொன்ன அத்தனைக்கும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவாயோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

கையில் இருப்பது என்ன என்று உனக்கு யாராவது சொன்னார்களா தெரியவில்லை. அது வின்செஸ்டர் என்ற அமெரிக்கக் கம்பெனியின் மாடல் 70 ரைஃபிள், 1936-இல் வந்த மாடல். நீ அனுப்பிய முதல் படத்தில் நம்பர் தெளிவாக இருந்தது, ஏழு லட்சத்துக்குக் கீழே. அப்படியென்றால் 1964-க்கு முந்தையது. அந்த வருஷம் கம்பெனி செலவைக் குறைக்கிறேன் என்று வடிவத்தையே மாற்றியது. அதுவரை, தோட்டாவைக் குழலுக்குள் தள்ளுகிற போல்ட்டின் பக்கத்தில் நீளமாக ஒரு எஃகுப் பட்டை இருக்கும், தோட்டா மேகசினிலிருந்து மேலே வரும்போதே அதன் அடி விளிம்பைக் கவ்விக்கொள்ளும், அது ஜெர்மன் மவுசர் துப்பாக்கியிலிருந்து வந்த வழி, போல்ட்டைப் பாதியில் நிறுத்தினாலும் தோட்டா நழுவாது. அதை எடுத்துவிட்டு ஒரு சின்னக் கொக்கியை வைத்தார்கள். கட்டையில் பிடிமானத்துக்காக வெட்டிச் செதுக்கிய கட்டக் கோடுகள் போய் அச்சில் அழுத்திய கோடுகள் வந்தன. அங்கேயுள்ள வேட்டைக்காரர்கள் கொதித்துப்போனார்கள், பழையதற்கு விலை ஏறியது, கடைசியில் 1990களில் கம்பெனியே அந்தப் பட்டையைத் திரும்பக் கொண்டுவந்தது. அதைச் செய்துவந்த நியூ ஹேவன் ஆலையை 2006-இல் மூடியும் விட்டார்கள். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் ராணுவத்துக்கான இன்சாஸ் ரைஃபிள் ஓடிய காலத்தில் ஃபிட்டராக இருந்தவன் நான், ஒரு எஃகுத் துண்டைப் பார்த்தால் எந்த அவசரத்தில் செய்தது என்று ஓரளவு தெரியும். உன் மாமனாருடைய துப்பாக்கியை அவசரமில்லாதவர்கள் செய்திருக்கிறார்கள்.

சரி, கடைக்காரர் சொன்ன பட்டியலுக்கு வருவோம். குழலை 24 அங்குலத்திலிருந்து 20-க்குக் குறைத்து, முனையில் மரை போட்டு சைலன்சர் மாட்டலாம் என்றாராம். வேண்டாம். இதில் போடுகிற 270 வின்செஸ்டர் 1925-இல் வந்த தோட்டா, அதன் பெருமையே வேகம்தான், குழலைக் குறைத்தால் கொஞ்சம் வேகம் போகும், சைலன்சரைக் கழற்றிச் சுடும்போது வெடிச்சத்தமும் முனையில் தீயும் கூடும். முன் குறிமுள் குழலின் அந்த முனையில்தான் இருக்கிறது, அதுவும் வெட்டுப்பட்ட துண்டோடு போய்விடும். வெட்டின குழலை ஒட்ட முடியாது. காதைக் காப்பாற்றிக்கொள்ள நினைப்பது நல்ல எண்ணம்தான், சைலன்சர் அவசியம் என்றால் மரை போட்டே வரும் புது ரைஃபிள் கடையில் கிடைக்கும், அதை வாங்கிக்கொள். ட்ரிக்கரை மாற்றச் சொன்னது எனக்கு விளங்கவே இல்லை. அந்தப் பழைய ட்ரிக்கர் எளிமையான அமைப்பு, தூசியும் பனியும் சிக்காமல் திறந்தபடி இருக்கும், இறுக்கம் தளர்வும் சரிசெய்யலாம், அதை நல்ல ஆளிடம் கொடுத்துச் சுத்தம் செய்தால் போதும். பிளாஸ்டிக் கட்டை போடச் சொன்னது பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஸ்கோப் மாற்றுவதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. அதற்கான ஓட்டைகள் ஏற்கெனவே இருக்கின்றன, புதிதாகத் துளை போட வேண்டியதில்லை. மேலே இருக்கிற பழைய வீவர் கே4 நாலு மடங்குதான் பெரிதாக்கும், உள்ளே கண்ணாடி மங்கியிருக்கிறது என்கிறாய். கழற்றித் துணியில் சுற்றி வை, தூக்கிப் போட்டுவிடாதே.

இப்போது கட்டைக்கு வருகிறேன், உண்மையான பிரச்சினை அதுதான். உன் உயரத்துக்கு அது நீளம். நவம்பர் குளிரில் அந்தத் தடிமனான ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு தூக்கும்போது அடிப்பாகம் அக்குளில் மாட்டுகிறது, கழுத்தை எக்கினால்தான் ஸ்கோப்பில் முழு வட்டம் தெரிகிறது, இல்லாவிட்டால் ஓரமெல்லாம் கருப்பாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். சம்பந்தியின் தம்பி இதை 'பழகிவிடும்' என்று சொன்னது சரியில்லை. தோளில் சரியாக உட்காராத துப்பாக்கியால் அவசரத்தில் சுட்டால் குண்டு மானின் நெஞ்சில் படாது, வயிற்றில் படும். அது ராத்திரி முழுக்கக் காட்டில் ரத்தம் சொட்ட ஓடும். உன் பாட்டி நம் வீட்டில் கோழி அறுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள், ஆனால் கத்தி மழுங்கியிருந்தது தெரிந்தால் அறுத்தவனை அன்றைக்கெல்லாம் திட்டித் தீர்ப்பாள். கட்டை உனக்குப் பொருந்த வேண்டும் என்பதில் நான் முழுக்க உன் பக்கம்.

அதேசமயம் சம்பந்தியின் தம்பியையும் கொஞ்சம் நினைத்துப் பார். எனக்கு அவரைப் பிடிக்கும். நாங்கள் அங்கே வந்திருந்தபோது, என் இங்கிலீஷும் அவருடைய இங்கிலீஷும் ஒன்றுக்கொன்று புரியாமல் முழித்துக்கொண்டிருந்த நேரத்தில், எழுந்துபோய் இந்தத் துப்பாக்கியைத்தான் எடுத்து வந்தார். போல்ட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அதற்கப்புறம் சாப்பாடு ஆறும் வரை எங்களுக்குப் பேச்சு குறையவே இல்லை, மாப்பிள்ளைதான் பாவம், இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துக் களைத்துப் போனார். சின்ன வயதிலிருந்து அண்ணனும் தம்பியுமாக வேட்டைக்குப் போனவர்கள். தனக்குத்தான் வரும் என்று அவர் எதிர்பார்த்திருப்பார், எதிர்பார்க்காமல் எப்படி இருப்பார்? அது திருச்சியிலிருந்து வந்த மருமகளுக்குப் போய்விட்டது. அதைப் பற்றி அவர் இதுவரை ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை என்று நீயே சொன்னாய். 'அண்ணன் வைத்திருந்தபடியே இருக்கட்டும்' என்ற ஒன்றைத்தான் சொல்கிறார். நீ அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு மல்லுக்கு நிற்கிறாய். எனக்கு அது கட்டளையாகத் தெரியவில்லை, துக்கத்தில் இருக்கிறவர் பேச்சாகத்தான் தெரிகிறது.

அதற்காக அவர் சொல்கிறபடி பீரோவில் பூட்டிவைத்துவிடு என்று நான் சொல்ல மாட்டேன். 1973-இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்தால்தான் லைசென்ஸ் என்று அங்கே விதி, அந்த வகுப்புக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனதே சம்பந்திதான். வேட்டைக்காரர்கள் கண்ணில் படுவதற்காகப் போடுகிற ஆரஞ்சுக்குப் பதில் பளீர் ரோஸ் நிறமும் போடலாம் என்று 2016-இல் விஸ்கான்சினில் சட்டம் வந்ததைச் சொல்லி, உனக்கு ரோஸ் ஜாக்கெட் வாங்கிக் கொடுத்துக் கேலி செய்ததும் அவர்தான். (நீ கடைசி வரை ஆரஞ்சுதான் போட்டாய், அதில் உன் அம்மாவின் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது.) தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை தொடங்கும் மான் வேட்டையின் அந்த ஒன்பது நாளும் உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டவர், துப்பாக்கியை யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்துதான் கொடுத்திருப்பார். சுவரில் மாட்டுவதற்கு என்றால் தம்பியிடமே கொடுத்திருக்கலாமே.

இனி ஒரு விஷயம், மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது கண்ணில் பட்டது. உன் கோபத்துக்கு இது நல்ல தீனி, அதனால்தான் இவ்வளவு தள்ளி வைத்து எழுதுகிறேன். கட்டையின் அடியில் சிவப்பு ரப்பர் இருக்கிறது இல்லையா, கம்பெனியிலிருந்து வந்தபோது அது அங்கே இருந்திருக்காது. அந்தக் காலத்து சாதாரண மாடல் 70-இல், 270 தோட்டாவுக்கு, அடியில் சொரசொரப்பாகக் கட்டம் போட்ட இரும்புத் தட்டுதான். ரப்பரை ஒட்டியுள்ள மரத்தைப் பார், கடைசி விரற்கடை அகலத்துக்குப் பாலிஷ் வேறு நிறமாக இருக்கிறது, தேய்த்து மறுபடி பூசின நிறம். யாரோ கட்டையை அறுத்து, இரும்புத் தட்டை எடுத்துவிட்டு, ரப்பர் போட்டிருக்கிறார்கள். அநேகமாக உன் மாமனார், இல்லை அவருடைய அப்பா. ஆக 'வைத்திருந்தபடியே' என்று தம்பி சொல்கிற துப்பாக்கியில் ஏற்கெனவே ஒரு தடவை ரம்பம் பட்டிருக்கிறது. பழம்பொருள் சேர்க்கிறவர்கள் முதலில் பார்ப்பதே அந்த அடிக்கட்டையைத்தான், ஆகவே கட்டையில் கை வைத்தால் விலை குறைந்துவிடும் என்ற பேச்சிலும் பாதி அடிபட்டுப் போகிறது.

இதைக் கொண்டுபோய் அவர் முகத்தில் வீசாதே. 'பார்த்தீர்களா, உங்கள் அண்ணனே வெட்டியிருக்கிறார்' என்று நீ ஆரம்பித்தால் வாதத்தில் ஜெயிப்பாய், அடுத்த நவம்பரில் அவர் உங்களோடு வர மாட்டார். அதற்குப் பதில் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போ, இந்த ரப்பரை யார் போட்டது, எப்போது, ஏன் என்று கேள். கேட்டுவிட்டுச் சும்மா இரு, அவர் பேசட்டும். அண்ணனுக்குத் தோளில் வலி இருந்திருக்கலாம், அறுத்தது இந்தத் தம்பியாகவே இருக்கலாம், யார் கண்டது. கழற்றின இரும்புத் தட்டு அவர் வீட்டு ஆணி டப்பாவில் கிடந்தாலும் கிடக்கும், நம் வீட்டில் நான் எதையாவது தூக்கிப் போட்டிருக்கிறேனா? அவர் சொல்லி முடித்த பிறகு, துப்பாக்கியைத் தோளில் வைத்துக் காட்டி எங்கே இடிக்கிறது என்று சொல். சிபாரிசு எதுவும் தேவையில்லை, நேரில் பார்த்தால் அவருக்கே தெரியும், எத்தனை வருஷ வேட்டைக்காரர்.

வேலை உண்மையில் சின்னது. இப்போதுள்ள ரப்பர் ஒரு அங்குலத் தடிமன் மாதிரித் தெரிகிறது, இத்தனை வருஷத்தில் கல்லாக இறுகியிருக்கும், சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிற உதையை அது வாங்குவதே இல்லை, அதனால்தான் உன் தோள் கன்றிப்போகிறது. அதைக் கழற்றி அரை அங்குலத்தில் இப்போது வரும் மெத்தென்ற ரப்பரைப் போட்டால், மரத்தைத் தொடாமலே அரை அங்குலம் குறையும், உதையும் அதிகமாகாது. புது ரப்பரைக் கட்டையின் வடிவத்துக்குத் தேய்த்துப் பொருத்தும்போதுதான் கடைக்காரர்கள் மரத்தின் பாலிஷையும் சேர்த்துச் சுரண்டுவார்கள், மரத்தைச் சுற்றி டேப் ஒட்டச் சொல், இல்லாவிட்டால் ரப்பரைத் தனியாக வைத்துத் தேய்க்கச் சொல். பழைய ரப்பரும் அதன் ஸ்க்ரூவும் உன்னிடம் இருக்கட்டும், நாளைக்குப் பேரன் மாப்பிள்ளை மாதிரி ஆறடி வளர்ந்தால் மறுபடி மாட்டிக்கொள்ளலாம். கட்டை குட்டையானதும் உன் கண் ஸ்கோப்புக்குக் கிட்டே போகும், அதை மறக்காதே. ஸ்கோப்பை அதற்குத் தக்கபடி முன்னால் தள்ளி மாட்டாவிட்டால் உதைக்கும்போது புருவத்தில் வெட்டும்.

அரை அங்குலம் போதாது என்று தெரிந்தால்தான் வேறு கட்டை, கடைக்காரர் சொன்ன பிளாஸ்டிக் ஆனாலும் சரி. அப்போது வாங்கும்போது 1964-க்கு முந்தைய மாடல் 70 என்று சொல்லி வாங்கு, பழையதில் குழலுக்கு அடியில் முன்பக்கம் ஒரு ஸ்க்ரூ கூடுதலாக உண்டு, புது மாடலுக்குச் செய்தது உட்காராது. அசல் கட்டையைக் கழற்றும்போது ஸ்க்ரூவின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்துகிற திருப்புளி வேண்டும், வீட்டில் இருக்கிற ஆப்பு வடிவத் திருப்புளியை வைத்துத் திருகினால் தலை நசுங்கிவிடும். அதைக்கூட சம்பந்தியின் தம்பி கையில் கொடுத்துக் கழற்றச் சொல்லலாம்.

முதலில் அளவு எடு. போல்ட்டைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, ட்ரிக்கரின் வளைவிலிருந்து ரப்பரின் நடு வரை டேப் பிடித்துப் பார். பதிமூன்றரை அங்குலத்தை ஒட்டி வரும் என்று நினைக்கிறேன். ரப்பரின் தடிமனைத் தனியாக அள. ஜாக்கெட் போட்டுக்கொண்டு தோளில் வைத்து மாப்பிள்ளையைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கச் சொல். மூன்றையும் அனுப்பு, நான் பார்த்துச் சொல்கிறேன். அம்மா உன்னிடம் பேச வேண்டும் என்கிறாள், மான் கறிக்கு மிளகு எவ்வளவு போட்டாய் என்று கேட்கப் போகிறாள், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு.

அப்பா