பரோட்டா பந்தயம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் எழுதத் தாமதமானதற்கு என் சமையல்தான் காரணம். பெரியவளுக்குப் பிரசவம் என்று கமலா பெங்களூர் போய் இரண்டு மாதமாகிறது. பேரன் பிறந்திருக்கிறான், மூக்கு மட்டும் என்னுடையது, பாவம். இங்கே எனக்கு ஒரு நாள் ரசம், மறுநாள் அதே ரசத்தைச் சுடவைத்து. உன் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். கொஞ்ச நாளைக்கு வண்டியைத் தொடாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஹாஸ்டலில் நாம் போட்ட பரோட்டா பந்தயம் ஞாபகம் இருக்கிறதா? 'ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்' (எப்போதும் என் நினைப்பில் நீதான்) என்கிற இங்கிலீஷ் பாட்டு, கன்ட்ரி எனும் அமெரிக்கக் கிராமிய இசைப் பாடகர் வில்லி நெல்சனுடையது என்று நான், ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியுடையது என்று நீ. இப்போது பொழுது போகாமல் தேடிப் படித்தேன். இரண்டு பேருமே தோற்றோம்! 1970லேயே பி.ஜே. தாமஸ் பாடிப் பதிவு செய்திருக்கிறார்; அது அப்போது வெளிவரவில்லை. 1972ல் க்வென் மெக்ரே பாடியது வந்தது, அப்புறம் பிரெண்டா லீ. எல்விஸின் இசைத்தட்டு அதற்கும் பிறகுதான்.

பாட்டு பிறந்த கதை இன்னும் வேடிக்கை. எழுதியவர் வேய்ன் கார்சன். அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்தில் அவர் வேலை இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. ஊருக்கு போன் செய்தால் மனைவி எரிந்து விழுந்திருக்கிறார். "உன்னை நினைத்துக்கொண்டேதான் இருக்கிறேன்" என்று சமாதானம் சொல்லும்போதே பொறி தட்டியிருக்கிறது; பாட்டு எழுத வேண்டும் என்று அவசரமாக போனை வைத்துவிட்டாராம். மன்னிப்புக் கேட்கிற பாட்டுக்காக மனைவியின் பேச்சைப் பாதியில் வெட்டிய மனுஷன்! நடுவில் இன்னும் சில வரி வேண்டும் என்று தயாரிப்பாளர் சிப்ஸ் மோமன் பிடிவாதம் பிடிக்க, ஜானி கிறிஸ்டோஃபரும் மார்க் ஜேம்ஸும் கைகொடுத்திருக்கிறார்கள்.

எல்விஸ் இதைப் பாடியது 1972 மார்ச்சில், மனைவி பிரிசில்லாவும் அவரும் பிரிந்து சில வாரங்களில். அந்தக் குரலில் இருக்கிற கெஞ்சலை நீ அன்றைக்கே சொன்னாய், நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. வில்லி நெல்சனிடம் கெஞ்சல் இல்லை. தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி, திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பாடுகிறார். அவள் திரும்பி வரமாட்டாள் என்று தெரிந்தே பாடுகிற ஆள். இன்னொரு கன்ட்ரி பாடகர் மெர்ல் ஹாகர்டுக்குப் பெரிதாகப் பிடிக்காமல் போன பாட்டு, 1982ல் வில்லி பாடி கன்ட்ரி பாடல் பட்டியலில் முதலிடம் போனது. மறுவருடம் ஆண்டின் சிறந்த பாடலுக்கான கிராமி விருது.

இன்னொன்று கேட்டேன், நீ முகம் சுளிப்பாய். எல்விஸ் இறந்து பத்து வருடம் ஆனதையொட்டி, 1987ல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக பெட் ஷாப் பாய்ஸ் என்கிற பிரிட்டிஷ் இரட்டையர் இதை டிஸ்கோ தாளத்தில் பாடினார்கள். அந்த வருடக் கிறிஸ்துமஸுக்குப் பிரிட்டனில் அதுதான் முதலிடம். அவர்களில் பாடுகிற நீல் டெனன்ட் குரலில் ஈரமே இல்லை. பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "சாரி" சொல்கிற கணவன் மாதிரி. முதலில் பாதியில் நிறுத்திவிட்டேன். இப்போது என்னவோ அதைத்தான் அடிக்கடி போடுகிறேன். பாட்டில் வருகிற மாதிரி, செய்யாமல் விட்டதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, மனசுக்குள் நீதான் இருந்தாய் என்றால் எந்தப் பெண் நம்புவாள்? எல்விஸும் வில்லியும் நம்ப வைத்துவிடுகிறார்கள். டெனன்ட் பாடும்போதுதான் அந்தச் சந்தேகமே வருகிறது.

நேற்று ராத்திரி கமலாவிடம் போனில், "உன் நினைப்பாகவே இருக்கிறது" என்று சொல்லிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "கேஸ் புக் பண்ணினீங்களா?" என்றாள்.

பண்ணவில்லை.

அடுத்த மாதம் நீ வரும்போது பரோட்டா சாப்பிடலாம், ஆளுக்குப் பாதிக் காசு. சால்னா மட்டும் என் கணக்கு.

அன்புடன்,
ராமு