சபை நல உதவிச் சங்கத்தின் 2023-ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய போதகர் ஐயா, சங்கத் தலைவர், செயற்குழுவினர், சபையார் அனைவருக்கும் ஆண்டவரின் நாமத்தில் வணக்கம்.

செயலாளரின் அறிக்கை என்றால் இத்தனை கூட்டங்கள் நடந்தன, இத்தனை பேர் வந்தார்கள் என்று தொடங்குவதே நம் சங்கத்தின் வழக்கம். கடந்த ஆண்டும் செயற்குழு மாதந்தோறும் கூடியது. நோயாளிகளைச் சந்தித்தது, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடையும் காலணியும் வாங்கித் தந்தது, கிறிஸ்துமஸுக்கு முன் முதியோர் வீடுகளுக்கு அரிசியும் எண்ணெயும் கொண்டுபோனது எல்லாம் குறையின்றி நடந்தன. அவற்றின் விவரம் கூட்டக் குறிப்பேட்டில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆகவே அவற்றை இத்துடன் நிறுத்திக்கொண்டு, மார்ச் மாத வெள்ளத்தைப் பற்றியும், அதையொட்டி நம்மிடையே எழுந்து இன்னும் முழுதாகத் தீராத ஒரு கருத்து வேறுபாட்டைப் பற்றியும் சற்று விரிவாக எழுதச் செயற்குழு எனக்கு அனுமதி அளித்திருக்கிறது.

வடகிழக்குப் பருவமழை ஓய வேண்டிய நேரத்தில், பிப்ரவரி இறுதியில் பிடித்த மழை விடாமல் பெய்து, மார்ச் முதல் வாரத்தில் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் 40,000-க்கும் மேற்பட்டோரை நிவாரண மையங்களில் கொண்டுபோய்ச் சேர்த்தது. நம் சிகாமட் மாவட்டத்துக்கு வெள்ளம் புதிதல்ல. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த இரண்டு வெள்ளங்களில் மாநிலம் முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். 2011-இல் சீனப் புத்தாண்டுக்குச் சில நாள்களே இருந்தபோது சிகாமட் நகரம் தண்ணீரால் துண்டிக்கப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். இம்முறை, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தைத் தொடங்கும் சாம்பல் புதன் கழிந்த அடுத்த வாரமே தண்ணீர் ஏறியதால், லெந்து கால உபவாசக் கூட்டத்துக்காகச் சபை மண்டபத்தில் விரித்து வைத்திருந்த பாய்களிலேயே அன்றிரவு பதினொரு குடும்பங்கள் படுத்தன. அவற்றுள் நம் சபையைச் சேர்ந்தவை நான்கு மட்டுமே.

ஆலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை. அதை நன்றியோடு பதிவு செய்கிறேன். வெள்ளம் வடிந்த அடுத்த ஞாயிறு, சாட்சி நேரத்தில் மூவர் எழுந்து, ஆண்டவர் தம்முடைய ஆலயத்தைக் காத்தார் என்று கண்ணீரோடு சொன்னார்கள். அவர்களுடைய விசுவாசத்தைப் பற்றி எனக்குக் குறையேதும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் கடைசி பெஞ்சில், வீடு முழுவதும் சேறாகிப்போன ஒரு குடும்பம் இரவல் உடையில் உட்கார்ந்திருந்தது. மேலும், ஆலயம் ஏன் மேட்டில் நிற்கிறது என்பது நம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்த கதைதான். ரப்பர்த் தோட்டம் போட்ட காலத்தில் துரை பங்களாவும், ஆபீசும், கிராணி எனப்பட்ட எழுத்தரின் வீடும், பிறகு ஆலயமும் மேட்டில் எழும்பின. மரத்தில் ரப்பர் பால் வெட்டியவர்களின் லயங்கள் எனும் வரிசை வீடுகள் ஆற்றோரப் பள்ளத்தில் அமைந்தன. ரப்பர் போய் எண்ணெய் தரும் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்து மலிவு வீடுகள் வந்தன, பள்ளம் மட்டும் பள்ளமாகவே இருக்கிறது. அதில் குடியிருப்பவர்களும் பெரும்பாலும் அன்றைய தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள்தாம். தண்ணீர் யார் வீட்டைத் தேடிப் போனது என்பதற்கான காரணத்தை ஆண்டவரின் சித்தத்தில் தேடுவதற்கு முன் நிலத்தின் சரிவில் தேடியிருக்கலாம் என்பதே என் எண்ணம்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஆழிப்பேரலை வந்தபோதும் நாம் இப்படித்தான் பேசினோம். நம் நாட்டில் பினாங்கிலும் கெடாவின் கோத்தா கோலா மூடாவிலும் உயிர்ச்சேதம் நேர்ந்த அன்று, வேளாங்கண்ணியில் பேராலயத்துக்குள் அலை புகவில்லை என்ற செய்தி இங்கும் வந்து சேர்ந்தது. வியந்து வியந்து பேசினோம். அதே வேளாங்கண்ணிக் கடற்கரையில் நேர்த்திக்கடன் செலுத்த வந்த யாத்ரீகர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டதை அந்தப் பேச்சில் எங்கே வைப்பது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கருத்து வேறுபாடு என்று மேலே குறிப்பிட்டது நிவாரண மையத்தில் நடந்த ஒன்றால் வந்தது. பள்ளி மண்டபத்தில் நாம் பீகூன் எனும் அரிசிச் சேமியாப் பொட்டலமும் மைலோவும் கொடுத்துக்கொண்டிருந்தபோது, நம் குழுவில் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், வரிசையில் நின்ற ஓர் இந்துத் தாயாரிடம் இந்த வெள்ளம் ஆண்டவர் நம் எல்லாருக்கும் தரும் எச்சரிக்கை என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, “அப்போ பக்கத்து வீட்டு உங்க சபை அக்கா வீட்டுலயும் தண்ணி ஏறுச்சே, அவங்களுக்கு எதுக்கு எச்சரிக்கை?” என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டது போலிருந்தது. நம்மவரிடம் பதில் இல்லை. பக்கத்தில் நின்ற என்னிடமும் இல்லை.

மார்ச் மாதச் செயற்குழுக் கூட்டத்தில் இது இரண்டு மணி நேரம் பேசப்பட்டது. நோவாவின் காலத்து வெள்ளம் தண்டனையாக வந்ததுதானே, தீர்க்கதரிசிகள் அப்படித்தானே பேசினார்கள் என்று ஒரு தரப்பினர் கேட்டார்கள். அந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் போதகர் ஐயா எடுத்துக்காட்டிய இடம் லூக்கா பதின்மூன்றாம் அதிகாரம். சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததை இயேசுவே எடுத்துப் பேசுகிறார். இறந்தவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அதிகக் குற்றவாளிகளோ என்று கேட்டு, இல்லை என்று தாமே விடை சொல்கிறார். மனந்திரும்புங்கள் என்று அதோடு சேர்த்து அவர் சொன்னது உயிரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு. இடிபாட்டின் கீழ் கிடந்தவர்களைப் பற்றி அவர் வேறொன்றும் சொல்லவில்லை. எச்சரிக்கை வேண்டுமென்றால் அதை மேட்டில் இருக்கும் நாம்தான் நமக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டும், பள்ளத்தில் இருப்பவரிடம் நீட்டக்கூடாது என்று நான் அன்று பேசினேன். அதே கருத்தில்தான் இன்றும் இருக்கிறேன்.

எல்லாவற்றையும் இழந்த யோபுவின் மூன்று நண்பர்களைப் பற்றியும் பேச்சு வந்தது. எலிப்பாசும் பில்தாதும் சோப்பாரும் வந்தவுடன் செய்தது சரியான காரியம்: ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதன்பிறகு வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதில்தான் பிழை நேர்ந்தது. முடிவில் கர்த்தர் கோபித்துக்கொண்டதும் புலம்பிய யோபுவின்மேல் அல்ல, விளக்கம் சொன்ன அவர்கள்மேல். கூட்டத்தின் இறுதியில் ஒரு தீர்மானம் நிறைவேறியது, ஒருமனதாக அல்ல என்பதையும் பதிவு செய்கிறேன்: பேரிடர் உதவியின்போது சங்கத்தின் பெயரால் செல்பவர்கள் துன்பத்துக்குக் காரணம் கூறுவதில்லை; சுவிசேஷக் கைப்பிரதி கொடுப்பதில்லை; கேட்டால் ஒழிய ஜெபிக்க முன்வருவதும் இல்லை. முஸ்லிம் அண்டை வீட்டாரைப் பொறுத்தவரை, அவர்களிடம் வேறு மதப் பிரசாரம் கூடாது என்று சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், பசியோடு நிற்பவரிடம் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே பேசும் பேச்சை அவர் மறுக்க வழியில்லாமல் கேட்கிறார் என்பதை நாம் உணர்ந்திருக்க வேண்டும்.

இனி, செய்த வேலைக்கு வருகிறேன். வெள்ளச் சேறு ஈரமாக இருக்கும்போதே தள்ளப்பட வேண்டும்; ஒரு நாள் வெயில் பட்டால் சிமெண்டுபோல் இறுகிவிடும். இது தெரிந்த மூத்தவர்கள் இருந்ததால், தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கியதுமே இளைஞர் குழு துடைப்பமும் மண்வெட்டியுமாக இறங்கியது. ஊறிய மெத்தை ஒன்றைத் தூக்க நான்கு பேர் தேவைப்பட்டது. முதல் நாள் செருப்புக்காலோடு இறங்கிய ஓர் இளைஞருக்கு எலிக்காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் இருந்து நலமாகத் திரும்பினார். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள சிறு கீறல் வழியாகவும் உள்ளே போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிப் பூட்ஸ் வாங்கித் தராதது செயலாளராகிய என் தவறு.

நாம் செய்தவற்றுள் சிறந்தது எது என்று என்னைக் கேட்டால், மாதர் சங்கத்தினர் இஸ்திரிப் பெட்டியோடு செய்த வேலையையே சொல்வேன். வீடுகளிலிருந்து வந்த பிறப்புப் பத்திரங்கள், திருமணப் பதிவுகள், வீட்டு ஒப்பந்தங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தன. அவற்றை நல்ல தண்ணீரில் நனைத்து, கத்தி முனையால் ஒவ்வொரு தாளாகப் பிரித்து, இரண்டு வெள்ளைத் துணிகளுக்கு நடுவே வைத்து, மிதமான சூட்டில் மூன்று நாள் தேய்த்து உலர்த்தினார்கள். குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தரப்படும் சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்நாள் முழுவதும் காத்திருக்கும் ஒரு முதியவர், தாம் இந்த நாட்டில்தான் பிறந்தார் என்பதற்கு இருந்த ஒரே தாளைக் கொண்டுவந்திருந்தார். தோட்டத்து ஆபீசில் எழுதிக் கொடுத்த பழைய கடிதம் அது. மை கரைந்து பாதிதான் மிஞ்சியது. மிஞ்சிய பாதியில் தோட்டத்தின் முத்திரை தெரிந்தது. அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் பக்கத்தில் அரைமணி நேரம் யாரோ ஒருவர் உட்கார்ந்திருந்தார். தோட்டத்து மக்களுக்குக் காகிதம் என்பது என்ன என்று தெரியாதவர்களுக்கு இது சிறிய வேலையாகத் தோன்றலாம்.

அரசின் 1,000 வெள்ளி (ரிங்கிட்) வெள்ள உதவித்தொகைக்கான மலாய்மொழிப் படிவங்களை நிரப்ப உதவினோம். உறவினர் வீட்டுக்குப் போய்விட்டதால் நிவாரண மையத்தில் பெயர் பதியாமல் விட்டவர்களுக்கே அதிக அலைச்சல்.

பழைய துணிகளைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மண்டபத்தின் பாதியை அடைத்துக்கொண்டு வந்து குவிந்த மூட்டைகளில் கிழிந்த பள்ளிச் சீருடையும், சரிகை உதிர்ந்த கல்யாணச் சேலையும், ஒற்றைக் காலுறையும் இருந்தன. அவற்றைப் பிரிக்கவே இரண்டு வாரம் ஆள் போட வேண்டியிருந்தது. புதிய உள்ளாடையும் பெண்களுக்கான மாதவிடாய்ப் பஞ்சும் ஒருவரும் கொண்டுவரவில்லை. பிறகு, வெள்ளத்தில் சரக்கை இழந்த நம் ஊர் மளிகைக் கடையிலேயே செல்லும்படி ஐம்பது வெள்ளிச் சீட்டுகள் கொடுத்தோம். குடும்பத்துக்கு வேண்டியதை அவர்களே வாங்கிக்கொண்டார்கள், கடையும் எழுந்து நின்றது.

மார்ச் கடைசி வாரத்தில், சாட்சிக் கூட்டத்துக்குப் பதிலாக ஒரு புலம்பல் ஆராதனை நடத்தினோம். எண்பத்தெட்டாம் சங்கீதம் வாசிக்கப்பட்டது; நன்றியோ நம்பிக்கையோ சொல்லாமல் இருளிலேயே முடிகிற சங்கீதம் அது. அதன்பின் என்ன சொல்வது என்று தெரியாமல் சிலர் சங்கடப்பட்டதை நான் கவனித்தேன். வீட்டை இழந்தவர்களில் ஒருவர், சபையில் இப்படியும் பேசலாம் என்று தமக்கு இதுவரை தெரியாது என்று வெளியே வந்து சொன்னார்.

வெள்ளத்துக்கு முன் நடந்த ஒன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். பிப்ரவரி 6-ஆம் தேதி துருக்கியிலும் சிரியாவிலும் 7.8 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டு 50,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் நாட்டின் ஸ்மார்ட் எனும் பேரிடர் மீட்புக் குழுவும் துருக்கிக்குப் போனது. அதற்காக நாம் எடுத்த காணிக்கை தலைமையகத்துக்கு அனுப்பப்படாமல் பெட்டியில் இருந்தபோதுதான் இங்கே தண்ணீர் ஏறியது. அந்தப் பணத்தை நம் மக்களுக்கே செலவிடலாம் என்று பலர் சொன்னது நியாயமாகவே பட்டது. அந்த நிலநடுக்கத்தில் தரைமட்டமான அந்தாக்கியா நகரம் வேறு எதுவும் அல்ல, சீஷர்கள் முதன்முதலாகக் கிறிஸ்தவர்கள் என்று அழைக்கப்பட்ட அந்தியோகியா என்று பொருளாளர் நினைவூட்டினார். பஞ்சம் வரப்போகிறது என்று அகபு என்ற தீர்க்கதரிசி சொன்னபோது, அந்த ஊர்ச் சபையார்தான் அவரவர் திராணிக்குத் தக்கதாகச் சேர்த்து, பர்னபா, சவுல் கையில் யூதேயாவுக்குக் கொடுத்தனுப்பினார்கள். பஞ்சம் எதனால் வருகிறது என்று அவர்கள் விசாரித்ததாக அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு வரியும் இல்லை. காணிக்கை முழுவதும் அங்கேயே அனுப்பப்பட்டது. நம் வெள்ளத்துக்குத் தனியாக இரண்டாவது காணிக்கை எடுத்தோம். அதுவே முதலாவதைவிடக் கூடுதலாக வந்ததைப் பொருளாளரின் அறிக்கையில் காணலாம்.

டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவானது. நம் சபையில் பலருக்குப் பூர்வீகம் அந்தச் சீமை என்பதால் கிறிஸ்துமஸ் பாட்டுக் குழுவின் வசூல் அங்கே போயிற்று.

நடப்பு ஆண்டுக்குச் செயற்குழு முன்வைக்கும் கோரிக்கைகள் இவை. அக்டோபருக்குள் இருபது சோடி பூட்ஸ், கையுறை, கிருமி நீக்கும் குளோரோக்ஸ், தண்ணீர் தள்ளும் ரப்பர் துடைப்பம் ஆகியவற்றை வாங்கி ஆலயத்தின் பின்னறையில் வைக்க ஒப்புதல் வேண்டும். பள்ளத்தில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும், எந்த மதத்தினராயினும், பத்திரங்கள் வைக்கத் தண்ணீர் புகாத ஒரு பை கொடுக்கப்பட வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவர்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்ற பட்டியலை இளைஞர் குழு மழைக்கு முன் எடுக்க வேண்டும். மேலே சொன்ன தீர்மானத்தை மறுபரிசீலனை செய்யக் கோரி இருவர் எழுதிய கடிதம் வந்துள்ளது. அது இன்றைய கூட்டத்தில் வாசிக்கப்படும்.

முஸ்லிம்களின் சிறு தொழுகை இடமான சூராவின் குழுவினர் இரண்டு இரவு நமக்கும் சேர்த்துச் சமைத்தார்கள். கோயில் நிர்வாகத்தார் தங்கள் லோரியை ஒரு வாரம் விட்டுக்கொடுத்தார்கள். இரு தரப்பினருக்கும் நன்றிக் கடிதம் அனுப்பப்பட்டுள்ளது. கோயிலிலிருந்து இரவல் வாங்கிய இரண்டு தள்ளுவண்டிகளில் ஒன்று மட்டுமே திருப்பிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. மற்றொன்று யார் வீட்டில் இருந்தாலும் இந்த வாரத்துக்குள் ஆலயத்தில் கொண்டுவந்து சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்