பிறை நிலவு பூமியின் நிழலால் உண்டாவதன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வெளியான வானியல் அறிமுகக் கட்டுரையைப் படித்தேன். இத்தகைய பகுதி தொடங்கப்பட்டிருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் அதனுடன் வெளியான படமும், 'பூமியின் நிழல் விழுவதால் நிலவு பிறையாகத் தெரிகிறது' என்று அதன் கீழ் அச்சாகியிருந்த வரியும் திருத்தப்பட வேண்டியவை. தொடக்கநிலை மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக வானியல் கற்பித்து வருபவன் நான். இந்த ஓர் எண்ணம் மனத்தில் பதிந்துவிட்டால், பிறகு கிரகணத்தைப் பற்றிச் சொல்லித்தரும் நாளில் ஆசிரியர் படாத பாடு பட வேண்டியிருக்கிறது.

பிறை தெரியும் நேரத்தில் கதிரவன் எங்கே இருக்கிறது என்று கவனித்தாலே விஷயம் விளங்கிவிடும். அமாவாசை கழிந்த இரண்டாம் மூன்றாம் நாள் மாலையில், கதிரவன் மறைந்த இடத்துக்குச் சற்று மேலே, அதே மேற்குத் திசையில்தான் பிறை தென்படும். பூமியின் நிழலோ கதிரவனுக்கு நேரெதிராக, அந்நேரத்தில் கிழக்குத் தொடுவானத்தை ஒட்டிக் கிடக்கிறது. கிழக்கே இருக்கும் நிழல் மேற்கே இருக்கும் நிலவின் மேல் எவ்வாறு விழும்? நிலவின் ஒரு பாதியில் எப்போதும் வெயில் அடிக்கிறது. அந்தப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் தெரிகிறது என்பது ஏறத்தாழ 29.5 நாள் கணக்கில் மாறி மாறி வருகிறது. வளர்பிறையும் தேய்பிறையும் அவ்வளவே.

இதை வகுப்பில் காட்டுவதற்கு இருட்டான ஓர் அறையும், மூடியில்லாத ஒற்றை விளக்கும், பென்சில் முனையில் குத்திய வெள்ளைப் பந்தும் போதும். விளக்கு கதிரவன், மாணவியின் தலை பூமி, பந்து நிலவு. விளக்கைப் பார்த்து நின்று பந்தை எட்டப் பிடித்தால் அதன் இருண்ட பக்கம் மட்டுமே தெரியும், அது அமாவாசை. அப்படியே மெல்ல இடப்பக்கம் திரும்பத் திரும்ப, பந்தின் ஓரத்தில் முதலில் ஒரு கீற்று வெளிச்சம் தோன்றும். கால் சுற்று திரும்பியதும் சரிபாதி ஒளிரும். விளக்குக்கு முதுகைக் காட்டி நிற்கும்போது பந்து முழுவதும் ஒளிர வேண்டும். ஆனால் அந்த இடத்தில், பந்தைத் தலைக்குச் சற்று மேலே தூக்கிப் பிடிக்காவிட்டால், தலையின் நிழல் பந்தை மூடிவிடும். பெரும்பாலும் யாரேனும் ஒருவர் அதை மறந்துபோய், பந்து சட்டென்று இருண்டதும் "கிரகணம்!" என்று தாமாகவே கூவிவிடுவார். பிறை வேறு, கிரகணம் வேறு என்பதை அதன் பிறகு நான் விளக்க வேண்டிய அவசியமே இருப்பதில்லை.

உற்றுப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு வேறுபாடும் புலப்படும். பிறையின் இரு கொம்புகளும் எப்போதும் நிலவு வட்டத்தின் நேரெதிர் முனைகளில்தான் நிற்கும். கிரகணத்தின்போது விழும் நிழலின் விளிம்பு, நிலவைவிட இரண்டரை மடங்குக்கும் அதிகமான அகலம் கொண்ட வேறொரு வட்டத்தின் பகுதி. கடித்தெடுத்த தட்டையைப் போன்ற அந்தத் தோற்றம் எந்தப் பிறைக்கும் வாய்ப்பதில்லை. (தங்கள் ஓவியர் பிறையின் இரு கொம்புகளுக்கு நடுவே ஒரு விண்மீனையும் வரைந்திருக்கிறார். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த இடத்தில் நிலவின் இருண்ட பகுதி நின்று மறைத்துக்கொண்டிருப்பதால் அங்கே எந்த விண்மீனும் தெரியாது.)

இந்தக் குழப்பத்துக்கு மாணவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நாம் வரைந்து காட்டும் படங்களே அதற்குக் காரணம். பக்கத்தில் அடங்க வேண்டும் என்பதற்காகப் பூமியையும் நிலவையும் ஒட்டி ஒட்டி வரைகிறோம். பூமி 24 செ.மீ. விட்டமுள்ள கூடைப்பந்து என்றால் நிலவு ஒரு டென்னிஸ் பந்து. இரண்டுக்கும் இடையே சுமார் 7.2 மீட்டர் தொலைவு இருக்க வேண்டும். இரண்டு பந்துகளையும் கையில் கொடுத்து நிறுத்தச் சொன்னால், பெரியவர்களும்கூட ஒரு மீட்டருக்குள்ளேயே நிறுத்திவிடுகிறார்கள். நிலவின் பாதை பூமியின் பாதையோடு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருக்கிறது. எனவே அந்த டென்னிஸ் பந்து அவ்வளவு தொலைவில் 60 செ.மீ.க்கு மேலாக ஏறியும் இறங்கியும் செல்லும். கூடைப்பந்தின் நிழல் அங்கே 17 அல்லது 18 செ.மீ. அகலமே இருக்கும். ஒவ்வொரு முழுநிலவு நாளிலும் ஏன் கிரகணம் நிகழ்வதில்லை என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை. இதே அளவில் கதிரவன் 26 மீட்டர் விட்டத்துடன் 2.8 கி.மீ. தள்ளி இருக்கும். அதற்கடுத்து மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரியை வைக்கப் பூமியில் இடமில்லை. வானத்தில் உள்ள உண்மையான நிலவின் தொலைவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு போக வேண்டும். 4.24 ஒளியாண்டு என்று மனப்பாடம் செய்த மாணவர், ஓர் ஒளியாண்டு 9.46 லட்சம் கோடி கி.மீ. என்றும் சேர்த்து ஒப்பிப்பார். இந்த ஒப்பீட்டைக் கேட்டால்தான் வாயடைத்து நிற்கிறார்.

பருவகாலங்களை விளக்கும் படமும் இதே ரகம்தான். பூமியின் பாதையை முட்டை வடிவில் நீட்டி வரைந்துவிடுவதால், கதிரவனுக்கு அருகே செல்லும்போது கோடை, விலகும்போது குளிர் என்றே பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள். உண்மையில் பூமி கதிரவனுக்கு மிக அருகில் (14.71 கோடி கி.மீ.) வருவது ஜனவரித் தொடக்கத்தில், மிகவும் விலகி (15.21 கோடி கி.மீ.) இருப்பது ஜூலைத் தொடக்கத்தில். வடகோளத்தின் குளிர்காலமும் கோடையும் அப்போதுதானே? அந்தப் பாதையை 10 செ.மீ. அகலத்தில் வரைந்தால், நீள விட்டத்துக்கும் குறுக்கு விட்டத்துக்கும் உள்ள வேறுபாடு பென்சில் கோட்டின் தடிமனைவிடவும் குறைவு. காம்பஸால் ஒரு வட்டம் போட்டு, கதிரவனை மட்டும் நடுப்புள்ளியிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளி வைத்தால் போதும். பருவங்கள் மாறுவது பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால்தான் என்பதை மாணவர்கள் அந்தப் படத்திலிருந்தே கேட்டறியத் தொடங்குவார்கள்.

புளூட்டோ கோளா இல்லையா என்பதற்குக் கட்டுரையில் இரண்டு பத்திகள் ஒதுக்கப்பட்டிருந்தன. 2006-இல் வரையறை மாற்றப்பட்டு அது குறுங்கோள் ஆனது என்று ஒரு வரியில் முடித்துவிட்டு, அந்த இடத்தில் வெறுங்கண்ணால் பார்க்கக்கூடிய எதையேனும் சேர்த்திருக்கலாம். சான்றாக, கையை நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் அதன் அகலம் வானில் சுமார் 10 பாகை. சுண்டுவிரலின் அகலம் ஏறத்தாழ 1 பாகை. நிலவின் அகலம் அதிலும் பாதி. தொடுவானத்தில் உதிக்கும் 'பெரிய' முழுநிலவும் அந்தச் சுண்டுவிரலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் என்றால் யாரும் முதலில் நம்புவதில்லை. நிலவை ஒட்டி ஏதேனும் ஒரு விண்மீன் இருக்கும் இரவில் ஒரு மணி நேர இடைவெளியில் இருமுறை பார்த்தால், நிலவு தன் அகலத்தின் அளவுக்குக் கிழக்கே நகர்ந்திருப்பது தெரியும். ஒரே இடத்தில் நின்று, ஒரு விண்மீன் கட்டடத்தின் விளிம்பில் மறையும் நேரத்தை இன்றும் ஒரு வாரம் கழித்தும் குறித்து வைத்தால், இரண்டாம் முறை அது 28 நிமிடம் முன்னதாகவே மறைந்துவிடும்; நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 நிமிடம். பூமி கதிரவனைச் சுற்றி வருவதை ஒரு பள்ளி மாணவர் கைக்கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு உணர்வதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

தொலைநோக்கி வாங்கித் தருமாறு பெற்றோருக்குக் கட்டுரை தரும் அறிவுரை அவசரப்பட்டது என்பது என் கருத்து. வானத்தில் எதை எங்கே தேடுவது என்று தெரியாத பிள்ளைக்கு முதல் இரவே சலித்துப்போகிறது; கருவி பரணுக்குப் போய்விடுகிறது. சில மாதங்கள் வெறுங்கண்ணால் பழகிய பின், ஒரு சாதாரண பைனாகுலரை மதில்மேல் அசையாமல் ஊன்றிப் பார்த்தால், 1610-இல் கலிலியோ கண்ட வியாழனின் நிலவுகளே புள்ளிகளாகத் தெரியும். அதைக் கொண்டு கதிரவனை மட்டும் ஒருபோதும் பார்க்கக் கூடாது என்ற எச்சரிக்கையைக் கட்டுரையில் காணவில்லை. அதை அவசியம் சேர்க்க வேண்டும்.

எனவே, அளவுக்கு ஒத்துவராத படங்களின் கீழ் 'இப்படம் அளவுப்படி வரையப்பட்டதன்று' என்று குறிப்பிடுமாறும், அந்தந்த வாரம் நிலவு எந்தக் கோளுக்கு அல்லது விண்மீனுக்கு அருகே, எந்த நேரத்தில் தெரியும் என்பதை மாணவர் பக்கத்தில் நான்கு வரிகளில் தருமாறும் வேண்டுகிறேன். பிறை பற்றிய திருத்தத்தை உள்பக்கத்தின் மூலையில் போடாமல், அந்தப் படம் வந்த அதே இடத்தில், அதே அளவில் வெளியிட வேண்டும். படத்தை ஏற்கெனவே வெட்டி நோட்டில் ஒட்டிக்கொண்ட மாணவர்கள் அதன் மேலேயே இதை ஒட்டிக்கொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
வானியல் ஆசிரியர் ஒருவர்