படித்துறையில் விழும் சாக்கடையை நிறுத்தக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்:
காவிரிக்கரைத் தெருவாசிகள்,
மயிலாடுதுறை.

பெறுநர்:
மதிப்பிற்குரிய அதிகாரி அவர்கள்.

பொருள்: காவிரியில் ஐப்பசி முழுக்கு நடக்கும் துலாக்கட்டத்துக்கு மேலண்டையில் உள்ள எங்கள் படித்துறையில் கழிவுநீர் விழுவதை ஐப்பசி பிறக்கும் முன் நிறுத்த வேண்டுதல் தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

இதே விஷயமாகத் தங்களுக்கு எழுதும் நான்காவது மனு இது. போன ஆடிப்பெருக்குக்கு முன்னால் ஒன்று கொடுத்தோம்; ரசீது கிடைத்தது. ஐப்பசிக்கு முன்னால் ஒன்று. "பரிசீலனையில் உள்ளது" என்று கைப்பேசிக்குச் செய்தி வந்தது. தை அமாவாசை கழித்து ஒன்று; "தீர்வு காணப்பட்டு முடித்து வைக்கப்பட்டது" என்று வந்தது. முடித்து வைத்தது மனுவைத்தான். சாக்கடை இன்று காலையும் விழுந்துகொண்டிருக்கிறது.

இடம் தங்களுக்குத் தெரியாததல்ல. அரசமரம் நிற்கும் சின்னப் படித்துறை. தூர்வாரும் வேலையைப் பார்வையிட வந்த அன்று அந்த மரத்தடியில் நின்றுதான் தாங்கள் இளநீர் சாப்பிட்டீர்கள். அன்றைக்கு மட்டும் குழாய் வாயை மணல் சாக்கு வைத்து அடைத்திருந்தார்கள். கார் திரும்பியதும் சாக்கை எடுத்துவிட்டார்கள்.

எங்கள் குறைகளைப் பணிவுடன் கீழே தெரிவித்துக்கொள்கிறோம்.

1. தெருக்கோடியில் பாதாளச் சாக்கடை மூடி நிரம்பி வழிகிறது. வழிவதை மழைநீர் வடிகாலில் திருப்பிவிட்டிருக்கிறார்கள். அந்த வடிகால் ஏழாம் படிக்குப் பக்கத்தில் வந்து வாய் திறக்கிறது.

2. தண்ணீர் ஓடும் மாதங்களில் இது கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. வழக்கப்படி ஜனவரி 28-இல் மேட்டூர் அணையை மூடினால், கொஞ்ச நாளில் இங்கே ஆறு வெறும் மணல். அப்புறம் காவிரி என்று சொல்லிக்கொள்ள எங்கள் துறையில் இருப்பது இந்தக் கறுப்புக் குட்டை மட்டும்தான். ஜூன் 12-இல் அணை திறந்து, கல்லணை தாண்டிப் புதுத் தண்ணீர் கடைமடைக்கு வரும்போது, முதலில் அது தள்ளிக்கொண்டு போவது இந்தக் குட்டையை. கிழக்கே அடுத்து இருப்பது எது? துலாக்கட்டம். சின்ன வயதில் புதுத் தண்ணீரைப் பார்க்கப் பூவும் கற்பூரமும் எடுத்துக்கொண்டு ஓடுவோம். இப்போது பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

3. இதைத் தனியாக எழுத வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும். என் தாயாருக்கு வயது 78. கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த நாள் முதல் ஐப்பசி முழுக்கைத் தவறவிட்டதில்லை. ஜனங்கள் கழுவிவிட்ட பாவத்தைச் சுமந்த கங்கை முதலான நதிகள், துலா மாதமாகிய ஐப்பசியில் தங்கள் அழுக்குத் தீர வந்து முங்குவது நம் ஊர்க் காவிரியில் என்பது ஐதீகம். ஐப்பசி கடைசி நாளான கடைமுகத்துக்கு வர நினைத்து நேரத்துக்கு வந்து சேர முடியாத முடவன் ஒருவனுக்காகக் கார்த்திகை முதல் நாளையும் சேர்த்துக் கொடுத்தான் இறைவன். அதுதான் முடவன் முழுக்கு. ஐயாவுக்குத் தெரியாத கதையா? போன வருஷம் கடைமுகத்தன்று கூட்டத்துக்குப் பயந்து அம்மா போகவில்லை. மறுநாள் முடவன் முழுக்குக்கு, "இது என்னை மாதிரி ஆளுக்கு வச்ச நாள்தானேடா" என்று சொல்லிக்கொண்டு எங்கள் துறையிலேயே இறங்கினாள். சாக்கடை நீர் படிந்து படிகளெல்லாம் வழவழவென்று இருந்தன. ஐந்தாம் படியில் கால் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. அன்று படுத்தவள்தான்.

தை அமாவாசையன்று, "ஒரு செம்பு காவிரித் தண்ணி கொண்டா, தலையில தெளிச்சுக்கறேன்" என்றாள். போய்ப் பார்த்தேன். செம்பை முக்க மனம் வரவில்லை. கொல்லையில் போர் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்து காவிரி என்று சொல்லித் தெளித்தேன். உதட்டில் பட்ட சொட்டை ருசி பார்த்துவிட்டு, "உப்பா இருக்கேடா" என்றாள். ஐயா, ஆற்றங்கரையில் வீட்டை வைத்துக்கொண்டு பெற்ற தாயிடம் இந்தப் பொய்யைச் சொல்லும்படி ஆகிவிட்டது. இதை எந்தக் கோப்பில் முடித்து வைப்பீர்கள்?

4. ஆற்றில் கழிவை விடக் கூடாது என்று 1974-இலேயே சட்டம் இருக்கிறது. தெருவாசி ஒருவர் வீட்டுக் குழாயை ஆற்றில் விட்டால் நோட்டீஸ் வருகிறது. தெருவையே திருப்பிவிட்டவர்களுக்கு யார் நோட்டீஸ் கொடுப்பது?

5. "நிதி இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள். திருவிழா வந்தால் அலங்கார வளைவுக்கும் ஒலிபெருக்கிக்கும் நிதி வருகிறது. 2020-இல் தனி மாவட்டம் ஆனபோது தெருவே கூடி மிட்டாய் கொடுத்தோம், இனி எதற்கும் நாகப்பட்டினத்துக்கு அலைய வேண்டாம், அதிகாரிகள் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள் என்று. கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறீர்கள். கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஊர்ப் பெயரையே தன் பெயருக்கு முன்னால் சுமந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்தான். பஞ்ச காலத்தில் கைப்பொருளைப் போட்டுக் கஞ்சி ஊற்றினார். நாங்கள் தங்கள் கைப்பொருளைக் கேட்கவில்லை. ஒரு குழாயை அடைக்கச் சொல்கிறோம்.

6. "ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது" என்று வெளியூரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். போன மாதம் சென்னையிலிருந்து வந்த சம்பந்தி வீட்டார் துறையைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லி வாசலோடு திருப்பி அனுப்பினேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

ஆகவே ஐயா, கேட்பது இவ்வளவுதான். நிரம்பி வழியும் மூடியைச் சரிசெய்து, கழிவுநீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கே அனுப்புங்கள். வடிகாலின் வாயை அடையுங்கள். சாக்கு வேண்டாம், சிமெண்ட் வைத்து அடையுங்கள். படிகளைச் சுரண்டிக் கழுவி, வயதானவர்கள் பிடித்து இறங்க ஓரமாக ஒரு கைப்பிடிக் குழாய் போடுங்கள். ஐப்பசிக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

ஒரு நாள் காலை ஆறு மணிக்கு, முன்கூட்டிச் சொல்லாமல் வந்து பார்க்குமாறு மீண்டும் மீண்டும் கேட்டுக்கொள்கிறோம். இந்தக் கார்த்திகை முதல் நாள் அம்மாவை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வருவதாக இருக்கிறேன். தயவுசெய்து அதற்குள் செய்துகொடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
தெருவாசிகள் சார்பில் மனுதாரர்.

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் நகல்கள், தெருவாசிகளின் கையெழுத்துகள், படித்துறையின் புகைப்படங்கள் (சாக்கு வைத்த அன்று எடுத்ததும் சேர்த்து).